இணைச்சீரும் என் நெஞ்சுப் படபடப்பும்

என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமான அன்றைக்கே எனக்கு நெஞ்சுப் படபடப்பும் நிச்சயமாகிவிட்டது.

தம்பிக்கு வயது ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கொமரலிங்கத்தில் ஆற்றுத் தண்ணீரில் நெல்லும் தென்னையும் வைத்திருக்கிறான். காடு தோட்டம் பார்க்கிற மாப்பிள்ளைக்கு இப்போதெல்லாம் யார் பெண் கொடுக்கிறார்கள்? பெண் பார்க்கப் போய்ப் போய் அவன் பலகாரத்தில்தான் தேர்ந்துபோனான். பெண் எப்படி என்று கேட்டால், "கேசரிக்கு நெய் பத்தலீக்கா" என்பான். கடைசியில் தாராபுரம் பக்கம் ஒரு பெண். தங்கைகளை எல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு, தனக்கு இனி எதற்கு என்று தையல் மெஷினோடு இருந்தவள். இவனைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டுக் கேசரியைப் பற்றித் தம்பி வாயே திறக்கவில்லை. அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது.

சந்தோஷமாகத்தான் போனைக் காதில் வைத்திருந்தேன். அப்போதுதான் சொன்னான்.

"அக்கா, இணைச்சீருக்கு நீதான் நிக்கோணும்."

தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவள் மேடையில் நிற்கிற சீர் அது. தலையில் சீர்க்கூடை இருக்கும். கூறைச்சேலையின் ஒரு முனையைத் தம்பி பிடிப்பான், மறுமுனையை அக்கா பிடிப்பாள். கல்யாணம் ஆனாலும் கூடப் பிறந்தவளை விட்டுவிடாதே என்று அவனுக்கு ஊரறிய ஞாபகப்படுத்துகிற சடங்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல சடங்குதான். மண்டபமே அக்காளைப் பார்க்கும் என்பதுதான் அதில் உள்ள கோளாறு.

எனக்குக் கூச்சம். சாதாரணக் கூச்சம் இல்லை. பஸ்ஸில், இறங்க வேண்டிய இடத்தில் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்கும்போது அவர்களோடு இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியபோது மற்ற பிள்ளைகள் அழுதார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும், புது வாத்தியார் எழுப்பிப் பெயர் கேட்பார். அந்தத் தொல்லை விட்டதே! எழுதுவது மட்டும் பிடிக்கும். எழுதுகிறவள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை அல்லவா?

வேலையும் எனக்கு ஏற்றபடி அமைந்தது. நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பனியனை மேஜையில் விரித்து, டியூப் லைட் வெளிச்சத்தில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து, அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளினால் போதும். பேச வேண்டியதில்லை. பனியன் நம்மைத் திரும்பிப் பார்க்காது.

கல்யாணத்துக்கு அழைக்கிற வேலையும் அக்காள் என்ற முறையில் என் தலையில் விழுந்தது. நானும் என் வீட்டுக்காரரும் மொபெட்டில் வீடு வீடாகப் போனோம். அவர் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவர். கத்தரி நின்றாலும் வாய் நிற்கவில்லை. அவர் பேசுவார், நான் தாம்பாளத்தை நீட்டுவேன். எல்லா வீட்டிலும் டீ. எங்கள் பக்கம் "வேண்டாமுங்க" என்றால் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அது மரியாதைக்குச் சொல்கிற பேச்சு.

"வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சோம்."

"அட, அந்த ஊட்டுல குடிச்சீங்க, எங்கூட்டுல குடிக்க மாட்டீங்களா? எங்கூட்டுத் தண்ணி எறங்காதா?"

இதற்கு மேல் என்ன சொல்வது? குடிப்பேன். என் வீட்டுக்காரர் இரண்டாவது வீட்டிலேயே, "எனக்குச் சர்க்கரைங்க" என்று கையைத் தூக்கித் தப்பித்துக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை கிடையாது. அவர் டம்ளரும் என் பக்கம் நகரும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அழைத்துவிட்டு, மறுநாள் காலை கம்பெனியில் மேஜைக்கு முன்னால் நிற்கும்போது அது வந்தது. காரணமே இல்லாமல் நெஞ்சு ஓட ஆரம்பித்தது. நின்றபடி நிற்கிறேன், நெஞ்சு மட்டும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறது. உள்ளங்கை வேர்த்தது, விரல் மரத்தது, மூச்சு பாதியில் நின்றது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அப்போதும் பாருங்கள், "அம்மா" என்று கத்தக் கூச்சமாக இருந்தது.

பக்கத்து மேஜையில் இருந்தவள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். எனக்கும் சேர்த்துப் பேசுகிறவள். அவள்தான் பார்த்தாள்.

"எக்கா! என்னக்கா இப்பிடி வேர்க்கி? ஏ, ஃபேனைத் திருப்புங்கடே! ஏசுவே, எங்கக்காவுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது!"

கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். பிறகு அங்கேயே இன்னொரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். மனநல டாக்டர்.

"மென்டல் டாக்டரா?" என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வருவதற்குள் மனதைத் தேற்றிக்கொண்டு, தெரு முழுக்க எனக்குத் தைராய்டு என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தூத்துக்குடிக்காரி, "பயந்த கோளாறுக்கா, நான் ஜெபம் பண்ணுதேன்" என்றாள். எதிர் வீட்டில் வாயு என்றார்கள். என் பெரியப்பன் மகள், எனக்குத் தங்கை முறை, கேட்டதும் வந்துவிட்டாள்.

"கண்ணு பட்டிருச்சுக்கா. இந்த வயசுல உன்ற தம்பிக்குப் பொண்ணு அமைஞ்சா ஊர்க்கண்ணு சும்மா இருக்குமா?" மிளகாய் சுற்றிப் போட்டாள். போட்டுவிட்டுக் கையைத் துடைத்தபடி, "உனக்கு முடியலீன்னா சொல்லு. இணைச்சீருக்கு நான் நின்னுக்கறேன். எங்கிட்ட ஒரு ரோசாப்பூக் கலர் பட்டு கட்டாமயே கெடக்குது" என்றாள்.

நியாயமான பேச்சுத்தான். அவள் நின்றால் மேடையே நிறையும். நான் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் தோட்டத்து மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து பேசினான்.

"அக்கா, எனக்கு அம்மா இல்ல. நீயும் நிக்கலீன்னா அந்தச் சீரே வேண்டாம். அருமைக்காரர்கிட்டச் சொல்லிப் போடறேன்."

அருமைக்காரர் என்பவர் சடங்கை நடத்துகிற பெரியவர். இணைச்சீர் இல்லாமல் கல்யாணமா என்று அவர் கேட்பார். ஊரே கேட்கும். பெண் பார்த்த வீட்டில் எல்லாம் கேசரி சாப்பிட்டுவிட்டு வெறும் கையோடு திரும்பியவன், தன் கல்யாணத்தில் அக்காளுக்கான இடத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு நிற்பான். அதை நினைத்ததும் மறுபடியும் நெஞ்சு ஓட ஆரம்பித்தது. இப்போது இரண்டு பயம். மேடைக்குப் பயம் ஒன்று. மேடையில் வைத்து அந்தப் படபடப்பு வந்துவிடுமோ என்கிற பயம் மற்றொன்று. இரண்டாவதுதான் பெரிது.

அதனால்தான் அந்த டாக்டரிடம் போனேன்.

சின்ன வயதுப் பெண். மேஜையில் ஒரு சம்படத்தில் கடலை மிட்டாய் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் பாதிப் பயம் போயிற்று. என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் என் வீட்டுக்காரர் பதில் சொன்னார்.

"தூக்கம் வருதுங்களாம்மா?"

"நல்லாத் தூங்குவாளுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"நான் தூங்கறப்ப இவளும் தூங்குவாளுங்களே."

டாக்டர் சிரிக்காமல், "ஐயா, சித்த நேரம் வெளிய உக்காருங்க" என்றார். அவர் போனதும் என்னைப் பார்க்காமல் ஒரு துண்டுத் தாளில் எதையோ கிறுக்கியபடியே பேசினார். என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார் என்று எனக்குப் பிறகு புரிந்தது. எனக்கும் வாய் வந்தது.

சின்ன வயதிலிருந்தே கூச்சமா என்றார். ஆமாங்க. சின்னதில் பெரிய பயம் ஏதாவது? யோசித்தேன். எங்கள் வீட்டை ஒட்டி வாய்க்கால். எனக்கு முன்னால் பிறந்த ஒரு குழந்தையை அந்த வாய்க்காலில் பறிகொடுத்தவள் என் அம்மா. அதனால் வேலைக்கு நடுவில் என் இடுப்பில் பழஞ்சேலையின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் கட்டிவிடுவாள். அப்படியும் களைக்கொத்தோடு ஓடி ஓடி வந்து பார்ப்பாள். "இருக்கறயா கண்ணு?" "இருக்கறேம்மா." கல்யாணமாகிப் போகும் வரை இந்தக் கேள்வியும் பதிலும் நடந்தன. தம்பி பிறந்து தவழ ஆரம்பித்ததும் அவனை அதே சேலையால் கட்டிப்போடுகிற வேலை என்னுடையதாயிற்று.

"அம்மாவுக்கு இப்படி வருமுங்களா?"

"அம்மாவுக்குப் படபடப்பு வராத நாள்தானுங்க அதிசயம்."

"கூடப் பொறந்தவங்களுக்கு?"

"தம்பிங்க. அவனுக்கெல்லாம் இல்லீங்க. பாம்பை வால் பிடிச்சுத் தூக்கி அக்கட்டால வீசறவன்."

டாக்டர் தலையாட்டினார். அப்புறம் உடம்புக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றார். பஞ்சுத் தூசி நெஞ்சில் கட்டினால் எங்கள் கம்பெனியில் எல்லோரும் மெடிக்கலில் வாங்கிப் போடுகிற வீசிங் மாத்திரையைச் சொன்னேன். பையிலிருந்து அட்டையையும் எடுத்துக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாதிரி மாத்திரை சில பேருக்கு நெஞ்சை ஓட வெக்குமுங்க. நீங்களா திடீர்னு நிறுத்தீராதீங்க, மூச்சுக்கு வேணும். நெஞ்சு டாக்டரைப் பார்த்து மாத்திக்கலாம். டீ குடிப்பீங்களா?"

அழைப்புக்குப் போன ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்காரரின் டம்ளரையும் விடவில்லை. நான் பாதித் தெருவைத் தாண்டுவதற்குள் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரு வீட்டுலகூட வேண்டாம்னு சொல்லலீங்களா?"

"சொன்னேனுங்க. அவங்க கேக்கலீங்க."

அவருக்கு அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். டாக்டர் ரூமில் நான் சிரித்தது அதுவே முதல் தடவை.

"அப்பக் காரணம் டீதானுங்களா?" என்று ஆசையாகக் கேட்டேன். டீயாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

"அப்படி ஒண்ணைக் காட்டிச் சொல்ல முடியாதுங்க. பொறப்புலயே கொஞ்சம் வரும். அம்மாவைப் பார்த்துப் பழகினது கொஞ்சம் இருக்கும். கூச்ச சுபாவம், உடம்புக் கோளாறு, மாத்திரை, டீ, தூக்கமில்லாதது, தலைக்கு மேல ஒரு பெரிய காரியம்னு எல்லாம் சேர்ந்துக்கும். இதெல்லாம் இருந்தா வந்தே தீரும்னும் இல்லீங்க. இதெல்லாம் இல்லாதவங்களுக்கும் வருது. யார் மேலயும் தப்பில்லை. மாத்த முடியறதை மாத்தலாம், மீதிக்குப் பழகலாம்."

எனக்கு அது விளங்கியது. பனியனில் ஓட்டை விழுந்தால் சூப்பர்வைசர் முதலில் தையல்காரரைத் திட்டுவார். தையல்காரர் ஊசியைச் சொல்வார். ஊசிக்காரன் நூலைச் சொல்வான். நூலுக்கு வாய் இருந்தால் அது சாயப்பட்டறையைச் சொல்லும். பல நாள் ஒருவருமே முழுப் பொறுப்பு இல்லை. நூல் கொஞ்சம் மெலிந்திருக்கும், ஊசி கொஞ்சம் மழுங்கியிருக்கும், அன்றைக்குப் பார்த்து மெஷின் வேகமாக ஓடியிருக்கும்.

தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். சரியாக இருந்தது. என் வீட்டுக்காரர்தான் சோர்ந்துபோனார். "தெருவெல்லாம் சொல்லிப்போட்டேனே" என்றார்.

மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாகச் செய்யப் பழக்கினார் டாக்டர். நெஞ்சு ஓடும், ஓடினாலும் சாக மாட்டீர்கள், அது தானாகக் களைத்து உட்காரும் என்றார். இன்னொன்றும் சொன்னார். "பயப்படற காரியத்தை விட்டு ஓட ஓட அது பெருசாகுமுங்க. கொஞ்சங் கொஞ்சமாப் பக்கத்துல போய் நின்னு பாருங்க."

இதைத் தூத்துக்குடிக்காரியிடம் சொன்னதுதான் தாமதம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியை மண்டபமாக மாற்றிவிட்டாள். பனியன் அள்ளும் பிளாஸ்டிக் கூடையை என் தலையில் வைத்தாள். சாயம் பிசகிப்போன துணியைக் கிழித்துக் கூறைச்சேலை ஆக்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாப்பிள்ளையாக எதிரே நின்றாள்.

"எக்கா, நான்தான் ஒங்க தம்பி. மீசைய நெனச்சுக்கிடுங்க."

முதல் நாள் கூடை தானாக ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்து எல்லோரும் சிரிக்க, நான் கூடையைப் போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினேன். மறுநாளும் நிறுத்தினாள். தையல் லைனில் ஒடிசாப் பெண்கள் சிலர் உண்டு. அவர்கள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்று, "துல்ஹன்! துல்ஹன்!" என்று கை தட்டினார்கள். இந்தியில் மணப்பெண் என்று அர்த்தமாம். இந்த நரைத்த தலைக்கு! நெஞ்சு ஓடத்தான் செய்தது. மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அதுவே களைத்து உட்கார்ந்தது. டாக்டர் பொய் சொல்லவில்லை.

இப்படியே நாள் போயிற்று. மூச்சுக்கு மாத்திரை மாற்றினார்கள். டீயைக் குறைத்தேன். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

கல்யாணம் மடத்துக்குளம் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. விடிந்தும் விடியாமல் மேளம் தொடங்கிவிட்டது. பெரியப்பன் மகள் அந்த ரோசாப்பூக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் தயாராக உட்கார்ந்திருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று.

அருமைக்காரர் கூப்பிட்டார். நான் படியேறினேன். தலையில் கூடையை வைத்தார்கள். கூறைச்சேலையை மடித்து ஒரு முனையைத் தம்பி கையில் கொடுத்து, மறுமுனையை என்னிடம் கொடுத்தார்கள். மண்டபம் முழுக்கக் கண்கள். போட்டோக்காரர் விளக்கை நேராக என் முகத்துக்குத் திருப்பினார். நெஞ்சு கிளம்பியது. வா, வா, நீ வருவாய் என்று எனக்குத் தெரியும் என்று அதனிடம் சொல்லிக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டேன். கூடை ஆடவில்லை. ஆனால் சேலை ஆடியது. காற்றில் ஆடுவதுபோல வெடவெடவென்று நடுங்கியது. அவ்வளவுதான், போச்சு, என் கை காட்டிக் கொடுத்துவிட்டது என்று குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தேன்.

என் கை கல்லாக இருந்தது. நடுக்கம் மறுமுனையிலிருந்து வந்தது.

தம்பியைப் பார்த்தேன். பட்டு வேட்டியும் மாலையுமாக நின்றவன் முகத்தில் வேர்வை கொட்டியது. உதடு வெளுத்திருந்தது. பாம்பை வால் பிடித்து வீசுகிறவன்.

"அக்கா," என்று வாயசைக்காமல் சொன்னான். "நெஞ்சு படபடங்குது. ஹார்ட்டு போலக்குது. யாருகிட்டயும் சொல்லாத, கல்யாணம் நின்னு போயிரும்."

"ஹார்ட்டில்ல," என்றேன் நானும் வாயசைக்காமல். "இதுக்கு முந்தி வந்திருக்குதா?"

"பொண்ணுப் பார்க்கப் போறப்பெல்லாம் வரும். அதான் தட்டையே பார்த்துட்டு உக்காந்திருப்பேன்."

கேசரியில் நெய் குறைவு என்று இத்தனை வருஷமாக அவன் சொன்னதன் அர்த்தம் எனக்கு மேடையில்தான் தெரிந்தது.

"காத்தால இருந்து எத்தனை டீ குடிச்ச?"

"வர்றவங்கல்லாம் கொண்டாந்து குடுத்தாங்கக்கா. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடை இப்போதுதான் ஆடியது. அவசரமாக ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"மூச்சைப் புடிக்காத. மெதுவா வெளிய விடு. இன்னும் மெதுவா. என்னையப் பாரு. ஓடினா ஓடட்டும், தானா நிக்கும்."

"வாய்க்காப் பக்கம் போகாம நீ என்னையக் கட்டிப்போடுவியே, அது மாதிரியே இருக்குதுக்கா," என்றான் சேலையைக் காட்டி. அவனுக்கும் சிரிப்பு முட்டியது.

"ஏனம்மிணி," என்றார் அருமைக்காரர் மண்டபத்துக்கே கேட்கும்படி, "அக்காளும் தம்பியும் அப்படியென்ன ரகசியம்? சீரு முடிஞ்சு பேசிக்கலாமில்ல?"

மண்டபம் சிரித்தது. அத்தனை பேரும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சேலையின் ஆட்டம் மெல்ல மெல்லக் குறைந்து, சரிந்து, தொட்டில் துணிபோல அமைதியாகத் தொங்கியது. அதன் பிறகு அவன் தாலி கட்டியதை நான் கீழே முதல் வரிசையில், ரோசாப்பூப் பட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கை நடுங்காமல் கட்டினான்.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது என் வீட்டுக்காரரை வெளியே உட்காரச் சொல்லும் வேலையை நானே செய்துவிட்டேன்.

"போன தடவ தம்பிக்கு இல்லீன்னு சொன்னேனுங்க. இருக்குதுங்க. கூட்டிட்டு வந்திருக்கேன். புதுப்பொண்ணும் வந்திருக்குதுங்க. பயப்படல, சிரிச்சுட்டேதான் வந்துச்சு."

டாக்டர் கடலை மிட்டாய்ச் சம்படத்தை என் பக்கம் நகர்த்தினார். அப்போது கதவுக்கு வெளியே என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"மாப்ள, டாக்டரு கூப்பிடறதுக்குள்ள ஆளுக்கொரு டீ அடிச்சுட்டு வந்தறலாமா?"

"வேண்டாமுங்க மாமா," என்றான் தம்பி.

"அட, நாஞ் சொல்றேன், குடிக்க மாட்டயா?"

நானும் டாக்டரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம்.

"செரிங்க மாமா," என்றான்.